அழகா இருக்குன்னு சொல்லக் கூடாது

பெரியவளே, சின்னவனே,

நம் பினாங்கு டத்தோ கிராமாட் சந்து முனையில், மழை வந்தால் விசில் அடிக்கிற லோங்காங் மூடியைப் பற்றி நீங்கள் இருவரும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டுதான் இருக்கிறீர்கள். சாக்கடைக்குள் யாரோ தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிறார்கள் என்கிறான் சின்னவன். பெரியவள் அவன் தலையில் குட்டுகிறாள். அப்புறம் அந்த மூடியின் ஓட்டையில் பிங்க் ராஃபியா கயிறு கட்டுவது யார் என்று இன்னொரு சண்டை. இரண்டு பேருக்கும் எதிர்வீட்டு அங்கிள் மேல்தான் சந்தேகம். பாவம், அவரை விட்டுவிடுங்கள். அவர் சீக்கிரம் கோபப்படுகிறவர்.

அந்த மூடி அங்கே வந்ததற்கு ஓர் அக்கா காரணம். அவரைப் பற்றி எழுதி வைத்தால் பிற்பாடு நீங்கள் படிப்பீர்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். பிழை இருந்தால் பெரியவள் சிவப்புப் பேனாவால் திருத்தட்டும், எனக்கு வெட்கம் இல்லை.

அக்காவின் பெயரை எழுத மாட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

நான் ஏர்கோன், அதாவது குளிர்சாதன வேலை செய்கிற கட்டடங்களில் ஒன்றில் சூப்பர் கம்ப்யூட்டர் இருந்தது. பெரிய டிவி மாதிரி ஏதோ ஒன்று என்று நினைக்காதீர்கள். அதற்கு முகமே கிடையாது. ஆளுயரக் கறுப்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும், உள்ளே விசிறிகள் இரையும், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காது கேட்காது. வெள்ளம் எங்கே ஏறும், காற்று எப்படி வளையும், மருந்து உடம்பில் எங்கே போய் ஒட்டும் என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் தங்கள் கணக்கை அதனிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். அது நாள்கணக்கில் மென்று, கடைசியில் எண்களாகத் துப்பும். எண்கள் என்றால் உங்கள் வாய்ப்பாடு மாதிரி இல்லை. வாழ்நாள் முழுக்க வாசித்தாலும் தீராது.

அந்த எண்களைப் படமாக, ஓடுகிற படமாக மாற்றித் தருவதற்கு ஓர் அறை. அந்த அறையின் ஒரே ஆள் அக்கா. பெரிய பேராசிரியர்களும் சின்ன மாணவர்களும் ஒரே மாதிரி முழித்துக்கொண்டு அவர் கதவைத் தட்டுவார்கள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உட்காரு லா. எண்ணு என்ன சொல்லுது, அதைச் சொல்லு முதல்ல" என்பார்.

நான் அவரை முதலில் பார்த்தது தரையில் படுத்த நிலையில். படுத்திருந்தது நான்தான், அவர் இல்லை. மெஷின் அறையில் குளிர் காற்று தரையில் உள்ள ஓட்டை ஓடுகள் வழியாகத்தான் மேலே வரும். வருகிறதா என்று பார்க்க நான் ஒரு வழி வைத்திருந்தேன். ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றை நகத்தால் முடி முடியாகக் கிழித்து, ஓட்டைகளில் ஒவ்வொன்றாகக் கட்டிவிடுவேன். காற்று நன்றாக வந்தால் கயிறு நின்று ஆடும், வரவில்லை என்றால் படுத்துவிடும். அன்றைக்கு ஒரு வரிசை முழுக்க பிங்க் முடிகள் ஆடிக்கொண்டிருந்தன, ஒரு மூலையில் மட்டும் செத்துக் கிடந்தன.

பின்னால் ஒரு குரல் மலாயில் கேட்டது. "நம்பாக் அப்பா?"

என்ன தெரிகிறது என்று அர்த்தம். திரும்பிப் பார்த்தேன். சேலையின் மேல் குளிருக்கு ஆண்பிள்ளை ஜாக்கெட் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு ஒரு தமிழ் முகம். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"நம்ப அப்பாவா? அவரு சிம்பாங் அம்பாட்ல தம்பி வீட்ல இருக்காருக்கா. கால் வலி."

அதன் பிறகு வந்த சிரிப்பை எப்படி எழுதுவது? முதலில் சத்தமே வராது. தோள் குலுங்கும். கண்ணாடி நெற்றியிலிருந்து நழுவி மூக்கில் விழும். பிறகுதான் சத்தம் வரும். ஆயிரம் விசிறி இரைகிற அறையில் அந்தச் சிரிப்பு தனியாகக் கேட்டது.

சிரித்து முடித்துவிட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்தார், ஒரு செத்த கயிற்றைத் தொட்டார்.

"தம்பி, இந்த மூலைக்குக் காத்து வரல."

"ஆமாக்கா."

"நான் மூணு மாசமா ஒரு பி.எச்.டி.காரனுக்கு இதையேதான் சொல்லிக் குடுக்கறேன். காத்து கண்ணுக்குத் தெரியாது, தெரிய வைக்கணும்னு. நீ ஒத்த வெள்ளி குடுத்து வாங்கின கயித்துல முடிச்சிட்ட."

ஒரு பிங்க் முடியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்த் தன் கம்ப்யூட்டர் திரையின் மேல் விளிம்பில் கட்டிக்கொண்டார். அன்று முதல் அந்தக் கட்டடத்தில் நான் 'கயிறு தம்பி'.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பழக்கம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், வியாதி என்றுதான் மற்றவர்கள் சொன்னார்கள். ஒரு படம் முடிந்ததும் நடைபாதைக்கு ஓடிவந்து, கண்ணில் படுகிற முதல் ஆளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைப்பார். பாச்சிக் என்று எல்லாரும் கூப்பிடுகிற மலாய்க் காவல்காரர், கூட்டுகிற அம்மா, மீ கோரெங் சாப்பாடு கொண்டு வந்த ஆள், யாராக இருந்தாலும் சரி. ஒரே கேள்விதான். "என்ன தெரியுது?"

சொல்லக் கூடாதது ஒன்றே ஒன்று. 'அழகா இருக்கு' என்று சொல்லக் கூடாது. எந்த மொழியிலும் கூடாது. மலாய்க்காரர்கள் 'சாந்தேக்' என்று வாயைத் திறந்தாலே அக்கா கையை நீட்டித் தடுத்துவிடுவார். "சாந்தேக்னா உனக்கு ஒண்ணும் புரியலன்னு அர்த்தம். புரியாததுக்குத்தான் மனுஷன் அழகுன்னு பேரு வைக்கிறான். என்ன தெரியுது, அதைச் சொல்லு."

இப்படித்தான் ஒரு தடவை கடல் சூட்டைப் பற்றி ஆராய்கிற பேராசிரியர் ஒருவர், வானவில் மாதிரி ஏழு நிறமும் போட்டு ஒரு கடலை வரைந்து கொண்டு வந்தார். கண்ணைப் பறித்தது. அக்கா மீ கோரெங்காரரைப் பிடித்து உட்கார வைத்தார். அந்த மனிதர் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"கடல் நடுவுல எதுக்கு மஞ்சச் சுவர் கட்டியிருக்காங்க?"

பேராசிரியர் முகம் சிவந்துவிட்டது. அங்கே சுவரும் இல்லை, கோடும் இல்லை. சூடு மெல்ல மெல்ல ஏறுகிற இடம்தான். பச்சையிலிருந்து மஞ்சளுக்கு நிறம் சட்டென்று தாவியதால் கண்ணுக்குச் சுவர் மாதிரி தெரிந்தது. அக்கா ஒரே நீலத்தில், வெளிறியதிலிருந்து கருநீலம் வரை, படத்தை மாற்றிப் போட்டார். சுவர் காணாமல் போனது. "வானவில் பார்க்க நல்லா இருக்கும் ப்ரொஃப், ஆனா பொய் சொல்லும்" என்றார். பேராசிரியர் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. மறு வாரம் ஒரு பெட்டி குவே லாப்பிஸ் பலகாரம் வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா அதையும் சும்மா சாப்பிடவில்லை. ஒன்றைக் குறுக்கே வெட்டி, உள்ளே இருக்கிற அடுக்கு நிறங்களைக் காட்டி, "பாரு, மேல இருந்து பார்த்தா ஒரே சிவப்பு. வெட்டினாத்தான் உள்ளே என்னன்னு தெரியும். உங்க எண்ணும் இப்படித்தான்" என்று நின்ற மாணவர்களுக்கெல்லாம் பாடம் நடத்திவிட்டு, பாடத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

இன்னொரு தடவை பினாங்கு மலையில் மழைத் தண்ணீர் இறங்குகிற படம். பாச்சிக் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த மலை ஏறுகிறவர். படத்தைப் பார்த்ததும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, "அல்லாமா! இதையா நான் வாரா வாரம் ஏறுறேன்?" என்று கத்தினார். மேடு பள்ளம் நன்றாகத் தெரியட்டும் என்று யாரோ உயரத்தை மட்டும் பத்து மடங்கு இழுத்துவிட்டு, இறக்க மறந்துவிட்டார்கள். நம் மலை வானத்தில் ஊசி மாதிரி நின்றது. அக்கா தரையில் உட்கார்ந்து சிரித்தார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயம். அதற்கு முன்னால் என் சட்டை.

என் வேலைச் சட்டையின் முதுகில் ஆங்கிலத்தில் பெரிதாக ஏர்கோன் என்று போட்டிருக்கும். நான் பையை ஒரு தோளில் மாட்டினால் பின்பாதி மறைந்து முதல் மூன்று எழுத்துதான் வெளியே தெரியும். ஏ, ஐ, ஆர். ஆங்கிலத்தில் வாசித்தால் ஏர், காற்று. மலாயில் வாசித்தால் ஆயர், தண்ணீர். ஒரு நாள் நாசி லெமாக் சோறு விற்கிற மலாய்க்கார மக்சிக் என்னை மடக்கி, "இவ்வளவு நாளா எங்கப்பா போன, குழாய் ஒழுகுது" என்று கடைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டார். தண்ணீர் இலாகா ஆள் என்று நினைத்துக்கொண்டார். நானும் மறுத்துப் பேச வெட்கப்பட்டுக் குழாயை மாற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு பொட்டலம் நாசி லெமாக்கோடு வந்தேன். அக்காவிடம் சொன்னபோது அவர் கண்ணாடி மூக்கிலிருந்தும் விழுந்துவிட்டது. அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தது நான். அவ்வளவு சிரித்தவர், அந்த மூன்று எழுத்திலேயே தானும் போய் விழுந்ததுதான் கதை.

அப்போது சின்னவன் நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். நம் சந்துக்கு அடியில் ஒரு பழைய மூடிய லோங்காங் ஓடுகிறது, உங்களுக்குத் தெரியும். பெருமழை வந்தால் இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் பாய்ந்து வந்து, நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். போக வழி இல்லாத காற்று இரும்பு மூடியைத் தூக்கி எறியும். ஒரு மழையில் நம் வீட்டுப் பக்க மூடி துள்ளி வந்து என் மோட்டார் சைக்கிள் கூடையை நசுக்கியது. பத்து நிமிஷத்துக்கு முன்னால் உங்கள் அம்மா சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த மூடியின் மேல்தான் நின்று தேங்காய் வாங்கினாள். அன்று முதல் மழை வந்தால் உங்களை வாசலுக்கு விட மாட்டோம்.

இந்த மாட்டிக்கொள்கிற காற்றைத்தான் நூருல் என்ற மாணவி ஆராய்ந்துகொண்டிருந்தாள். பாலிக் புலாவ் ஊர் மலாய்ப் பெண். நம் சந்தையே தேர்ந்தெடுத்து, லோங்காங்கை அளந்து, சூப்பர் கம்ப்யூட்டரில் மழை பெய்ய வைத்திருந்தாள். வடிகால் அதிகாரிகள் ஒரே ஒரு நாள் வந்து படத்தைப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் காற்று மாட்டுகிறதோ அந்த இடத்தில் மூச்சு விடுகிற ஓட்டை மூடி ஒன்று போடுவார்கள். சந்துக்கு ஒன்றுதான், இரண்டாவது கிடையாது. நூருலுக்கும் அந்த மாதத்தோடு படிப்புக் காலம் முடிகிறது. இடையில் அவளுக்குப் பிரசவம் முன்கூட்டியே வந்துவிட்டது. எண்களை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய்ப் பிள்ளை பெற்றுக்கொண்டாள்.

அதிகாரிகள் வருவதற்கு முந்தின நாள் காலை. நான் அக்கா அறையின் ஏர்கோன் வடிகட்டியைக் கழுவி மாட்டிக்கொண்டிருந்தேன்.

"கயிறு தம்பி, ஏணிய விட்டு இறங்கு. வந்து உட்காரு."

திரையில் நீளமான குழாய். அடியில் நீலத் தண்ணீர் அலையலையாக ஓடியது, மேலே கண்ணாடி மாதிரி காற்று. உண்மையிலேயே கண் எடுக்க முடியவில்லை.

"அழகா இ..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ம்ம்?"

"இது எங்கக்கா?"

"டத்தோ கிராமாட்ல ஒரு சந்து."

"எங்க சந்தா! அப்ப எங்க வீடு இந்த முனை. அங்கிட்டு மார்க்கெட் முனை." எழுந்துபோய்த் திரையைத் தொட்டுப் பார்த்தேன். "அக்கா, எங்க முனையில காத்தே காணோம். முழுக்கத் தண்ணியா இருக்கு."

"ஆமா. காத்து மார்க்கெட் முனையிலதான் மாட்டுது. மூடி அங்கதான் போடணும்."

"மூடி துள்றது எங்க வீட்டு முன்னாடி."

"எப்பவாவது துள்ளியிருக்கும் லா."

"எப்பவாவதா? என் கூடையப் பாருங்க, வண்டி கீழதான் நிக்குது. அப்பறம் இந்தக் குழாய்க்கு அடியில என்னமோ தொங்குதே, அது என்ன?"

"மண் தேங்கற குழி."

"எங்க லோங்காங்ல குழியே கெடையாது. மேல மூடிக்குப் போற கழுத்துதான் இருக்கு. இதெல்லாம் தலகீழா இருக்குக்கா."

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் சிலோன் தமிழ்க் குடும்பம். சாதாரணமாக நம்மைப் போலத்தான் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் யாழ்ப்பாணம் வெளியே வரும்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? தலைகீழாத்தான் வந்தது. நான்தான் நிமிர்த்தினேன். ஆழத்தைக் கீழ்நோக்கி அளக்கிற ஆட்கள் எல்லாரும் இப்பிடித்தான் தலைகீழாக் கொண்டுவருவினம்!"

நான் பயந்துவிட்டேன். ஆனால் பயத்தை விடக் கூடை பெரிது. இடுப்பில் சின்னவனோடு நின்ற உங்கள் அம்மா அதைவிடப் பெரிது.

"கோவிச்சுக்காதீங்கக்கா. என்ன தெரியுதுன்னு நீங்கதான் கேட்டீங்க."

அவர் என்னைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். மெதுவாக, "நூருலுக்கு அனுப்பினேனே, அவ பார்த்துட்டு..." என்று சொல்லிக்கொண்டே கைப்பேசியை எடுத்தார். நூருல் அனுப்பிய பதில் ஒரே வார்த்தை.

சாந்தேக், காக். அழகா இருக்கு, அக்கா.

"பச்ச உடம்புக்காரி, கையில பிள்ளையோட கைப்பேசில பார்த்திருப்பா. பாவம்னு விட்டுட்டேன்" என்றார். "மத்த யாருன்னாலும் விட்டிருக்க மாட்டேன்."

பிறகு எண்கள் இருந்த பட்டியலைத் திறந்தார். மேலே ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பெயர் எழுதியிருந்தது. மற்றதெல்லாம் எனக்குப் புரியவில்லை. ஒன்று புரிந்தது, ஏனென்றால் அது தினமும் என் முதுகில் வருகிறது.

"அக்கா, இந்த ஏ, ஐ, ஆர் என்னது?"

"ஏர். காத்து. அது இருக்கற எடத்தையெல்லாம் கண்ணாடி ஆக்கினேன், இல்லாத எடத்துக்கு நீலம் போட்டேன்."

"நூருல் அதை எந்த பாஷையில எழுதினா?"

ஏர்கோன் காற்றில் திரை மேலிருந்த பிங்க் கயிறு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

முதலில் தோள் குலுங்கியது.

அதற்குள் எனக்கும் வந்துவிட்டது. ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நூருல் தன் வீட்டு மொழியில் ஆயர் என்று எழுதியிருக்கிறாள், தண்ணீர். அக்கா அதை ஏர் என்று வாசித்துக் காற்று ஆக்கிவிட்டார். தண்ணீர் காற்றாகி, காற்று தண்ணீராகி, நீலம் குழாயின் கூரையில் போய் ஒட்டியிருக்கிறது. இது தலைகீழாக வந்திருக்கிறது என்று நினைத்துக் குழாயையே புரட்டிவிட்டார். இரண்டு பிழையும் ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டு சரியான படம் மாதிரி நின்றிருக்கின்றன. மூடிக் கழுத்துகள் மட்டும் குழிகளாகக் கீழே தொங்கிக்கொண்டிருந்தன.

"இருபது வருஷம்!" அக்காவுக்கு மூச்சு வாங்கியது. "இருபது வருஷமா ஊரைப் பிடிச்சுக் கேள்வி கேட்டவ... தம்பி, திரும்பு. உன் முதுகைக் காட்டு."

திரும்பி நின்றேன். அக்கா என் முதுகைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார். சத்தம் கேட்டு ஓடி வந்த பாச்சிக், எதற்கென்று தெரியாமலே கூடச் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு நின்றதும் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு வேறு ஆளாக மாறினார். "நாளைக்கு ரெண்டு மணிக்கு வர்றாங்க. மூடிய தப்பான முனையில போட்டுட்டுப் போயிருப்பாங்க தம்பி. நூருலோட கணக்கு சரி. என் படம் அவளைப் பொய்க்காரி ஆக்கியிருக்கும்." குழாயை நிமிர்த்தவும் பெயரை மாற்றவும் அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. படத்தை முதலிலிருந்து ஒவ்வொரு காட்சியாக மறுபடி வரைய மெஷினுக்குத்தான் மறுநாள் மதியம் வரை ஆனது.

மறுநாள் நானும் போய்ப் பின்வரிசையில் நின்றேன். எனக்கு அங்கே வேலை இல்லை, வடிகட்டியை மறுபடி கழுவுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதிகாரிகள் ஐந்து பேர். பக்கத்துச் சின்னத் திரையில் பாலிக் புலாவிலிருந்து நூருல், மடியில் பிள்ளை. படம் ஓடியது. மழை ஏறியது, நீலம் இரண்டு பக்கமிருந்தும் பாய்ந்து வந்தது, நடுவில் ஒரு கண்ணாடிக் குமிழி மாட்டிக்கொண்டு நகர்ந்து நகர்ந்து வந்து, கடைசியில் ஒரு கழுத்தில் போய் முட்டியது.

பெரிய அதிகாரி நாற்காலியில் சாய்ந்து புன்னகைத்தார். "சாந்தேக். சாந்தேக் செகாலி." ரொம்ப அழகு என்று அர்த்தம்.

நூருல் வாயைப் பொத்திக்கொண்டாள். பாச்சிக் கதவோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டார். அக்கா எழுந்து போனார். துவான் என்று மிக மரியாதையாகக் கூப்பிட்டு, கேட்டார். "நம்பாக் அப்பா?"

அந்த மனிதர் முழித்தார். சாய்ந்தவர் நிமிர்ந்தார். இன்னொரு முறை போடச் சொன்னார். இரண்டாவது முறை எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், அந்தக் குமிழியின் மேல் விரலை வைத்து அது நகர நகரத் தானும் நகர்ந்தார். விரல் போய் நின்ற இடம் நம் வீட்டு முனை.

"இங்கே. இங்கேதான் மூச்சு முட்டுகிறது" என்றார் மலாயில். அதைச் சொல்லும்போது அவர் கை அவர் நெஞ்சில் இருந்தது.

நூருலின் பிள்ளை அந்த நேரம் பார்த்து ஒரு கத்து கத்தியது. எல்லாரும் கை தட்டினார்கள், பிள்ளைக்கா படத்துக்கா தெரியவில்லை. அக்கா நடந்த கூத்தை மறைக்காமல் எல்லாருக்கும் சொன்னார். நூருலுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது, பிரசவித்த உடம்பு, நிறுத்தச் சொல்லிக் கெஞ்சினாள். "இனிமே தண்ணிக்கு 'குவா'ன்னு பேரு வைக்கிறேன் காக்!" என்றாள். குவா என்றால் குழம்பு. "அப்ப வெள்ளம் வந்தா நாசி கண்டார்தான்" என்றார் பெரிய அதிகாரி. நாசி கண்டார் கடையில் சோறு முங்கக் குழம்பு ஊற்றச் சொல்வதற்கு வெள்ளம் என்றுதானே நாம் சொல்கிறோம்.

படம் முடிந்து பெயர்கள் வந்தன. முதலில் நூருல். அடுத்து அவளுடைய பேராசிரியர். அதற்குக் கீழே 'பார்த்துச் சொன்னவர்கள்' என்று ஒரு வரி. அங்கே ஒரே ஒரு பெயர்தான். உங்கள் ஐ.சி. அடையாள அட்டையில் உங்கள் பெயருக்குப் பின்னால் வருகிறதே, அந்தப் பெயர். அவ்வளவு பெரிய எழுத்தில் அதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. ஒரு எழுத்துப் பிழை இருந்தது. நான் சொல்லவில்லை.

அக்காவின் பெயரைத் தேடினேன். எங்கேயும் இல்லை.

"ஏங்கக்கா உங்க பேரு போடல?"

"கண்ணாடி துடைக்கிறவ கண்ணாடி மேலயே தன் பேரை எழுதி வச்சா, உள்ள என்ன தெரியும் தம்பி?"

அதனால்தான் நானும் இங்கே எழுதவில்லை.

மூடி போடுவதற்கு மாதங்கள் ஆயின. அதற்குள் அக்கா நம் தீவை விட்டு, தீபகற்பத்தில் வேறு ஒரு கம்ப்யூட்டர் அறைக்குப் போய்விட்டார். போகிற அன்று பாச்சிக்கையும் என்னையும் உட்கார வைத்து ஒரு படம் காட்டினார். என்ன தெரியுது என்றார். பாச்சிக் நன்றாகப் பார்த்துவிட்டு, "நீ போறது தெரியுது" என்றார். அன்றைக்கு மட்டும் அக்கா சிரிக்கவில்லை, மூக்கைச் சிந்தினார். நான் பிங்க் ராஃபியாவில் ஒரு கட்டு அவர் பைக்குள் போட்டேன். "போற எடத்துல இது கெடைக்காதா லா?" என்றார். எடுத்து வெளியே வைக்கவில்லை.

மூடி வந்தபின் முதல் பெருமழை ஒரு பிற்பகலில் பிடித்தது. பெரியவள் பள்ளியில், சின்னவன் குழந்தைக் காப்பகத்தில், அம்மா வேலையில். நான் குடையோடு சந்து முனைக்குப் போனேன். லோங்காங் உறுமியது. பழைய மூடியாக இருந்தால் இந்நேரம் பறந்திருக்கும். புது மூடி அசையவில்லை, அதன் ஓட்டைகள் வழியாக நீளமாக ஒரு விசில் வந்தது. சந்தில் யாரும் இல்லை. குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு குந்தினேன். பையிலிருந்து ராஃபியாவை எடுத்து, நகத்தால் முடி முடியாகக் கிழித்து, ஓர் ஓட்டையின் விளிம்பில் கட்டினேன்.

கயிறு எழுந்து நின்று ஆடியது.

"என்ன தெரியுது?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டேன்.

பதில் சொல்ல வாய் திறந்தால் அழகா இருக்கு என்றுதான் வந்தது. சொல்லிவிட்டேன்.